வயிற்றில் தோழன், ஈரலில் பகைவன்

"என் உடம்பு" என்று நாம் உரிமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்த உடம்பில் நாம் மட்டும் குடியிருக்கவில்லை. தோலிலும் வாயிலும் மூக்கிலும், எல்லாவற்றையும் விடக் கூடுதலாகப் பெருங்குடலிலும், கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாக்கள் நம்மோடு சேர்ந்து வாழ்கின்றன. 2016ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, 70 கிலோ எடையுள்ள ஒரு மனிதரின் சொந்த உயிரணுக்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி. அவரது உடம்பிலுள்ள பக்டீரியாக்களோ ஏறத்தாழ 38 இலட்சம் கோடி! மிகச் சிறியவை என்பதால் இத்தனையும் சேர்ந்து சுமார் 200 கிராம் எடைதான் வரும்.

"கிருமி" என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு அருவருப்பும் அச்சமும் ஏற்படுகின்றன. கிருமி என்றால் கொல்லப்பட வேண்டியது என்பதே நமது பொதுவான எண்ணம். ஆனால் உடம்பில் குடியிருக்கும் உயிர்கள் எல்லாமே பகைவர்கள் அல்ல. ஓர் உயிர் தோழனா, பகைவனா என்பதைப் பெரும்பாலும் அது இருக்கும் இடமே தீர்மானிக்கிறது. குடலில் இருக்கும்போது நமக்கு உதவுகின்ற அதே பக்டீரியா, ஈரலின் பித்தக்குழாய்க்குள் ஏறிவிட்டால் உயிருக்கே உலை வைத்துவிடும். அந்த எல்லையை மீறுவதற்கு வாசலைத் திறந்துவிடுவது பல சமயங்களில் நமது சொந்தக் கையும் வாயும்தான்.

குடலில் ஒரு பட்டணம்

நாம் உண்ணும் கீரை, தானியம், பழம் ஆகியவற்றின் நார்ப்பகுதியை நமது குடலால் தானாகச் செரிக்க முடியாது. பெருங்குடலில் உள்ள பக்டீரியாக்களே அதனைப் புளிக்கவைத்து உடைக்கின்றன. அப்போது உண்டாகும் சில கொழுப்பமிலங்கள் பெருங்குடலின் உட்சுவருக்கு உணவாகின்றன. இரத்தம் உறைவதற்கு அவசியமான கே விற்றமினில் ஒரு பகுதியையும் இவை தயாரிக்கின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, நல்ல பக்டீரியாக்கள் இடத்தை நிரப்பி இருப்பதால் தீய பக்டீரியாக்களுக்கு அங்கே குடியேற இடம் கிடைப்பதில்லை.

தாய்ப்பாலில் ஓர் அற்புதம் உண்டு. அதிலுள்ள திடப்பொருட்களில் அளவால் மூன்றாவது இடத்தைப் பிடிப்பது ஒருவகைச் சர்க்கரைத் தொகுதி. ஆனால் குழந்தையால் அதைச் செரிக்க முடியாது. பிள்ளை செரிக்க முடியாத ஒரு பொருளைத் தாயின் மார்பு எதற்காகச் சுரக்க வேண்டும்? நீண்ட காலம் புதிராக இருந்த இந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கிறது. அது குழந்தைக்கான உணவன்று. குழந்தையின் குடலில் குடியேற வேண்டிய பிஃபிடோ என்ற நல்ல பக்டீரியாவுக்கான உணவு! பிள்ளைக்கு மட்டுமன்றி, பிள்ளையின் குடலைக் காக்கும் காவலர்களுக்கும் சேர்த்தே உம்மாவின் பாலில் உணவு வைத்திருக்கிறான் இறைவன். இரண்டு வருடப் பாலூட்டலுக்கு நமது மார்க்கம் தரும் முக்கியத்துவத்தை எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கிறது.

இந்தப் பட்டணத்தை நாமே குலைப்பதும் உண்டு. தடிமனுக்கும் இருமலுக்கும் கூட பாமசியில் தாமாகவே அன்டிபயோட்டிக் வாங்கிக் குடிப்பவர்கள் நம்மிடையே ஏராளம். தடிமன் பெரும்பாலும் வைரஸினால் வருவது. அதற்கு இந்த மருந்து பயன்படாது. ஆனால் குடலிலுள்ள நல்ல பக்டீரியாக்களை அது கொன்றுவிடும். அவ்வாறு வெறுமையான இடத்தில் குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற தீய பக்டீரியா பெருகி, நிற்காத வயிற்றோட்டத்தை உண்டாக்கலாம். இத்தகைய நோயாளிகளுக்கு ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து எடுத்த பக்டீரியாக்களைக் குடலுக்குள் செலுத்தியபோது, வழக்கமான மருந்தை விடச் சிறந்த பலன் கிடைத்ததாக 2013ஆம் ஆண்டில் நெதர்லாந்து வைத்தியர்கள் அறிவித்தார்கள். நாம் கழிவென்று ஒதுக்குவதில் கூட உயிர் காக்கும் படையொன்று இருக்கிறது!

காவல் காக்கும் ஈரல்

குடலிலிருந்து உறிஞ்சப்படும் உணவுச் சத்துக்கள் நேரே இருதயத்துக்குப் போவதில்லை. அவற்றைச் சுமக்கும் இரத்தம் ஒரு பெரிய நாளத்தின் வழியாக முதலில் ஈரலுக்குள் நுழைகிறது. ஈரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இவ்வாறு குடல் பக்கத்திலிருந்தே வருகிறது. சுங்கச்சாவடியில் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பது போல, ஈரலில் உள்ள சிறப்பு உயிரணுக்கள் அந்த இரத்தத்தைச் சோதித்து, குடலிலிருந்து தப்பிவரும் பக்டீரியாக்களை விழுங்கி அழிக்கின்றன.

ஈரல் நாளொன்றுக்கு ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவான பித்தத்தைச் சுரக்கிறது. அது பித்தக்குழாய்களின் வழியாகச் சிறுகுடலை நோக்கி ஓடுகிறது. எப்போதும் கீழ்நோக்கியே ஓடுவதால், குடலிலுள்ள கிருமிகள் மேலே ஏறாமல் கழுவப்படுகின்றன. குழாயின் வாயிலில் ஒரு தசை வளையமும் காவல் நிற்கிறது. ஆனால் இத்தனை காவலையும் தாண்டி மேலே ஏறத் தெரிந்த ஓர் உயிர் இருக்கிறது. அதன் பெயர் ஈரற்புழு. அது செய்த கொடுமையை அறிய வேண்டுமானால் தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்குப் போக வேண்டும்.

ஈசான் வயல்களின் துயரம்

தாய்லாந்தின் வடகிழக்கை ஈசான் என்று அழைப்பார்கள். நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் அங்கே வாழ்கிறார்கள். பெரும்பாலோர் நெல் விவசாயிகள், ஏழைகள். வயல்களிலும் குளங்களிலும் கிடைக்கும் சிறு மீன்களே அவர்களுக்கு மலிவான உணவு. மீனைப் பச்சையாகவே நறுக்கி, தேசிக்காய்ப் புளியும் கொச்சிக்காயும் வாசனை இலைகளும் சேர்த்துப் பிசைந்து உண்பார்கள். இதற்குக் கொய் பிளா என்று பெயர். வயல் வேலை முடிந்து நண்பர்கள் கூடியமரும்போதும், வீட்டு விசேஷங்களிலும் இது இல்லாமல் இருக்காது. பாட்டனார் காலத்திலிருந்து வரும் பழக்கம் அது.

அந்தப் பச்சை மீனில் ஒரு புழுவின் குடம்பி கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது. விஞ்ஞானிகள் அதற்கு ஒபிஸ்தோர்க்கிஸ் விவெரினி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தென்கிழக்கு ஆசியாவில் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் ஆகிய நாடுகளில் சுமார் ஒரு கோடிப் பேரின் உடம்பில் இப்புழு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. 1980களின் தொடக்கத்தில் ஈசான் மக்களில் மூன்றில் ஒருவருக்கு இது இருந்தது. 2009ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் ஆறில் ஒருவருக்கு இருந்தது.

இப்புழு உள்ளே போன அன்றே நோய் வருவதில்லை. இதுதான் இதன் பெரிய சூழ்ச்சி. பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. பத்து வருடங்களுக்கு மேலாகவும் ஒரு புழு பித்தக்குழாயில் சௌகரியமாக வாழக்கூடியது. பல்லாண்டுகள் கழித்து, ஐம்பது அறுபது வயதில், உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் ஒரு தகப்பனுக்கோ தாய்க்கோ கண் மஞ்சளிக்கிறது. செங்கமாரி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் பித்தக்குழாய்ப் புற்றுநோய் முற்றிவிட்டது என்கிறார்கள். அந்த நிலையில் வெட்டி எடுக்கவும் வழியிருப்பதில்லை.

உலகின் பெரும்பாலான நாடுகளில் இது அரிதான புற்றுநோய். மேற்கு நாடுகளில் ஓர் இலட்சம் பேரில் ஓரிருவருக்கே வருடந்தோறும் வருகிறது. ஈசானின் கொன் கேன் மாகாணத்திலோ 1990ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஆண்களில் ஓர் இலட்சத்துக்கு 80 பேருக்கும் மேல்! உலகில் எங்குமே இப்படியொரு எண்ணிக்கை பதிவாகவில்லை. ஒரே குடும்பத்தில் தகப்பனும் தாயும் மூத்த சகோதரனும் அடுத்தடுத்து மாண்ட கதைகள் அங்கே அபூர்வமல்ல. கொன் கேன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் ஈரல் சத்திரசிகிச்சை நிபுணர் நரோங் குந்திகேயோ தமது பெற்றோர் இருவரையும் இந்நோய்க்கே பறிகொடுத்தவர். அவரும் அவரது குழுவினரும் கிராமம் கிராமமாக ஸ்கேன் இயந்திரத்தைக் கொண்டுபோய், நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பணியில் ஈடுபட்டார்கள்.

புழுவின் நீண்ட பயணம்

இப்புழு ஒரு மனிதரிலிருந்து இன்னொரு மனிதருக்கு நேரடியாகத் தொற்றாது. அது வரும் வழி மிக நீண்டது. புழுவுள்ள ஒருவர் மலசலகூடம் இல்லாமல் வெளியில் மலம் கழிக்கிறார். மழை பெய்ததும் மலத்திலுள்ள முட்டைகள் வயலுக்கும் குளத்துக்கும் அடித்துச் செல்லப்படுகின்றன. அங்கே பிதினியா என்ற சிறு நத்தை அவற்றை விழுங்குகிறது. நத்தையின் உடம்புக்குள் முட்டை பொரித்து, ஒன்று பலவாகப் பெருகி, வாலுள்ள சிறு குடம்பிகளாக நீரில் நீந்தி வெளிவருகிறது. அவை கெண்டை இனத்தைச் சேர்ந்த நன்னீர் மீன்களின் தசைக்குள் துளைத்துச் சென்று, ஓர் உறைக்குள் சுருண்டு காத்திருக்கின்றன.

மீனைப் பச்சையாக உண்பவரின் சிறுகுடலில் அந்த உறை உடைகிறது. உள்ளிருந்து வரும் குஞ்சுப் புழு பித்தத்தின் ஓட்டத்தை எதிர்த்து மேலேறிப் பித்தக்குழாயை அடைகிறது. சுமார் ஒரு மாதத்தில் அது 7 மில்லிமீற்றர் அளவுள்ள, இலை போன்ற தட்டையான புழுவாக வளர்ந்து முட்டையிடத் தொடங்குகிறது. பூனைக்கும் நாய்க்கும் கூட இதே வழியில் இப்புழு வருவதுண்டு.

தேசிக்காய்ப் புளி மீனைப் "பதமாக்கி" விடும், கொச்சிக்காயின் காரம் புழுவைக் கொன்றுவிடும் என்று அங்குள்ள பலர் நம்பினார்கள். இரண்டும் தவறு. புளியில் மீனின் நிறம் வெளுத்து, வெந்தது போலத் தோன்றும். ஆனால் உறைக்குள் இருக்கும் குடம்பிக்கு ஒன்றும் ஆவதில்லை. அதனை நிச்சயமாகக் கொல்வது நெருப்புத்தான்.

புழுவும் பக்டீரியாவும் கைகோத்தால்

இவ்வளவு சிறிய ஒரு புழு எப்படிப் புற்றுநோயை உண்டாக்குகிறது? இதற்கு ஒன்றல்ல, பல காரணங்கள் கண்டறியப்பட்டுள்ளன.

முதலாவது, புழு தனது உறிஞ்சிகளால் பித்தக்குழாயின் உட்சுவரைக் கவ்விக் காயப்படுத்துகிறது. இரண்டாவது, அது கிரனியூலின் என்ற ஒரு புரதத்தைச் சுரக்கிறது. இது காயத்தை விரைவாக ஆற்றும் பொருள்! தான் கடித்த இடத்தைத் தானே ஆற்றுவதால் வீடு இடியாமல் நீண்ட காலம் குடியிருக்க அதற்கு வசதி. ஆனால் ஆறுவதும் கிழிவதுமாக வருடக்கணக்கில் உயிரணுக்கள் இடைவிடாமல் பெருகும்போது, ஒரு கட்டத்தில் அந்தப் பெருக்கம் கட்டுமீறிப் புற்றாக மாறுகிறது. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்தப் புரதத்தை ஆராய்ந்து, நீரிழிவுக்காரரின் ஆறாத கால் புண்களுக்கு மருந்தாக்க முடியுமா என்றும் பார்த்து வருகிறார்கள். நஞ்சிலும் ஒரு மருந்து இருக்கலாம்.

மூன்றாவது காரணமே நாம் முன்னே சொன்ன எல்லை மீறலுடன் தொடர்புடையது. இந்தப் புழுவைக் கொடுத்த பரிசோதனை ஹாம்ஸ்டர்களில், வழக்கமாகக் குடலில் வாழும் பக்டீரியாக்கள் பித்தக்குழாயில் காணப்பட்டதாக 2013ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. புழுவின் வயிற்றுக்குள்ளேயே ஹெலிகோபக்டர் என்ற பக்டீரியா வாழ்வதை 2015ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. திருடன் தனியாக வரவில்லை. கூட்டாளியையும் சுமந்து கொண்டு ஏறியிருக்கிறான்!

ஹெலிகோபக்டர் நமக்குப் புதிய பெயரல்ல. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று உலகமே நம்பிய காலத்தில், அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பரி மார்ஷல், ரொபின் வொரன் ஆகிய இரு வைத்தியர்களும் அதற்கு இந்தப் பக்டீரியாவே முக்கிய காரணம் என்றார்கள். யாரும் நம்பவில்லை. 1984ஆம் ஆண்டில் மார்ஷல் அந்தப் பக்டீரியா கலந்த திரவத்தைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1994ஆம் ஆண்டில் ஹெலிகோபக்டர் பைலோரியையும் தாய்லாந்தின் ஈரற்புழுவையும் ஒரே அறிக்கையில், "மனிதருக்கு நிச்சயமாகப் புற்றுநோயை உண்டாக்குபவை" என்ற முதலாம் வகையில் சேர்த்தது. அன்று ஒரே பட்டியலில் இடம்பெற்ற இரண்டும் ஒரே பித்தக்குழாயில் சேர்ந்தே இருக்கக்கூடும் என்பது பின்னரே தெரியவந்தது.

குளிசை புழுவைக் கொல்லும், பழக்கத்தைக் கொல்லாது

ஈரற்புழுவுக்கு நல்ல மருந்து இருக்கிறது. பிரசிகுவாண்டெல் என்ற குளிசை 1970களில் கண்டுபிடிக்கப்பட்டது. உடல் எடைக்கேற்ற அளவில் ஒரே தடவை கொடுத்தாலே பெரும்பாலான புழுக்கள் செத்துவிடும். இவ்வளவு இலகுவான மருந்து இருந்தும் நோய் ஏன் ஒழியவில்லை?

குளிசை இருக்கிறதே என்ற தைரியத்தில் மக்கள் மீண்டும் பச்சை மீனை உண்டார்கள். மீண்டும் புழு வந்தது. மீண்டும் குளிசை குடித்தார்கள். தொற்றும் சிகிச்சையுமாக மாறிமாறி வந்தவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்துக் கூடுதலாக இருக்கலாம் என்று சில ஆய்வுகள் எச்சரிக்கின்றன. ஒரு தடவை விழுங்கும் குளிசை, பாட்டனார் காலத்துப் பழக்கத்தை மாற்றிவிடாது. சமைத்தால் உருசி போய்விடும் என்பார்கள் முதியவர்கள். விருந்தில் எல்லோரும் உண்ணும்போது தான் மட்டும் ஒதுங்குவது மரியாதையல்ல என்பார்கள் இளைஞர்கள்.

இதைக் கேட்டு நாம் அவர்களை இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. நமது வீடுகளில் நீரிழிவு வந்த பிறகும் சீனியைக் குறைக்காதவர்கள் எத்தனை பேர்? குளிசை போடுகிறோமே என்று சொல்லிக்கொண்டே வட்டிலப்பத்தில் இரண்டாவது துண்டை எடுப்பவர்கள் எத்தனை பேர்? மருந்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுப் பழக்கத்தை அப்படியே வைத்திருப்பது எல்லா நாட்டு மக்களிடமும் உள்ள குணந்தான்.

லாவா ஏரி காட்டிய வழி

கொன் கேன் நகருக்குத் தெற்கே லாவா என்றோர் ஏரி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் புழு மலிந்திருந்தது. சில கிராமங்களில் மூன்றில் இருவருக்கு இருந்தது. பேராசிரியர் பஞ்சொப் ஸ்ரீபா தலைமையிலான குழு 2007ஆம் ஆண்டளவில் அங்கே பணியைத் தொடங்கியது. அவர்கள் குளிசை கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பினார்கள். பாடசாலைப் பிள்ளைகளுக்குப் புழுவின் பயணத்தைக் கற்பித்தார்கள். பூனை, நாய், மீன், நத்தை எல்லாவற்றையும் சோதித்தார்கள். ஒரு வளையத்தின் எல்லாக் கண்ணிகளையும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள்.

பலன் கிடைத்தது. மனிதரில் தொற்று 10 வீதத்துக்கும் கீழே இறங்கியது. முன்பு சில மீன் வகைகளில் 70 வீதம் வரை இருந்த தொற்று ஒரு வீதத்துக்கும் கீழே வந்தது. பாடசாலையில் கற்ற பிள்ளை வீட்டில் வந்து, "வாப்பா, சமைத்துச் சாப்பிடுங்கள்" என்று நம்மூர்ப் பிள்ளை சொல்வது போலச் சொன்னால் எந்தத் தகப்பனின் மனந்தான் இளகாது?

நமக்கு இதில் என்ன பாடம்?

நாம் மீனைப் பச்சையாக உண்பவர்கள் அல்ல. ஆகவே இது யாருடைய கதையோ என்று ஒதுக்கிவிடலாமா? முடியாது.

முதலில், நமது பிள்ளைகள் பலர் தொழிலுக்காகத் தென்கொரியா செல்கிறார்கள். அங்கு தென்பகுதி ஆற்றோரங்களில் குளோனோர்க்கிஸ் என்ற மற்றொரு ஈரற்புழு ஆற்று மீனில் இருக்கிறது. சீனாவிலும் வியட்நாமிலும் கூட உண்டு. இதுவும் முதலாம் வகைப் பட்டியலில் 2009ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. நண்பர்கள் அன்போடு நீட்டினாலும் ஆற்று மீனைப் பச்சையாக உண்ணக்கூடாது என்று பயணம் புறப்படும் மகனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இரண்டாவது, அமீபா. இது அசுத்தமான நீராலும் உணவாலும் வயிற்றுக்குள் போகிறது. குடலில் பக்டீரியாக்களைத் தின்றுகொண்டு, பலரிடம் ஒரு தொந்தரவும் செய்யாமல் கிடக்கும். சிலரில் குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு ஈரலுக்குப் போய்ச் சீழ்க் கட்டியை உண்டாக்குகிறது. காய்ச்சலும் வலப்பக்க விலாவின் கீழ் கடும் வலியும் இதன் அடையாளங்கள். நமது நாட்டின் வடக்கில், குறிப்பாக யாழ்ப்பாணத்தில், இந்நோய் நெடுங்காலமாகக் காணப்படுகிறது. நோயாளிகள் பெரும்பாலும் கள் அருந்தும் ஆண்கள் என்பதை அங்குள்ள வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நேரத்தோடு வைத்தியரிடம் போனால் இது முற்றாகக் குணமாகக் கூடிய நோய்.

மூன்றாவது, உழ்ஹிய்யா. ஹஜ்ஜுப் பெருநாளில் மாட்டையோ ஆட்டையோ அறுத்து ஈரலை வெட்டும்போது, சில வேளை குழாய்களுக்குள் இலை போன்ற தட்டைப் புழு தென்படும். இது ஃபசியோலா என்ற கால்நடை ஈரற்புழு. "இந்த ஈரலைத் தின்றால் நமக்கும் புழு வருமா?" என்று பெண்கள் பயப்படுவார்கள். ஈரலிலுள்ள வளர்ந்த புழுவிலிருந்து நமக்கு அந்நோய் வருவதில்லை. சேற்று நீரில் வளரும் இலைகளில் ஒட்டியிருக்கும் குடம்பியை விழுங்குவதாலேயே மாட்டுக்கும் மனிதருக்கும் வருகிறது. ஆகவே பயப்பட வேண்டியது பச்சையாக உண்ணும் நீர்க்கரைக் கீரைக்குத்தான். மாடு மேயும் ஈரநிலத்தில் பறித்த வல்லாரையைச் சம்பலாக்காமல் சமைத்து உண்பதே நல்லது. புழு கண்ட ஈரற்பகுதியைப் புறக்கணித்துவிடுங்கள்.

சில ஈரல்களில் நீர் நிறைந்த வெண்ணிறக் கொப்புளம் காணப்படலாம். இது மிகவும் கவனிக்க வேண்டியது. அதனை அறுத்து நாய்க்கு வீசினால், நாயின் குடலில் நாடாப்புழு வளரும். நாயின் மலத்தோடு வெளிவரும் முட்டை நமது பிள்ளைகளின் கையில் ஒட்டி வாய்க்குள் போனால், அவர்களது ஈரலிலும் அதே கொப்புளம் உண்டாகும். ஐஸ்லாந்து ஒரு காலத்தில் இந்நோயால் பெரிதும் வாடிய நாடு. ஹரால்ட் கிரப்பே என்ற டென்மார்க் அறிஞர் 1863ஆம் ஆண்டில் அங்கு சென்று ஆராய்ந்தார். அவர் எழுதிய சிறு பிரசுரம் ஊரெங்கும் பரப்பப்பட்டது. நோயுள்ள உறுப்புகளை நாய்க்குக் கொடுக்காதே என்பதே அதன் சாரம். மக்கள் படித்தார்கள், பழக்கத்தை மாற்றினார்கள், காலப்போக்கில் நோய் அந்நாட்டைவிட்டே ஒழிந்தது. அதற்கென ஒரு குளிசை கூட இல்லாத காலம் அது!

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. மீனையும் ஈரலையும் உள்ளே சிவப்பு இல்லாமல் முழுமையாக வேகவைக்க வேண்டும். புளி, உப்பு, காரம் ஆகியவை நெருப்புக்கு ஈடாகா.

2. உறையவைத்தாலும் குடம்பி சாகும். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை குளிரில் ஏழு நாட்கள் இருக்க வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி எப்போதும் அவ்வளவு குளிருக்குப் போவதில்லை என்பதால் அதை நம்பியிருக்க வேண்டாம்.

3. உழ்ஹிய்யாவின் கழிவுகளையும் நோயுள்ள உறுப்புகளையும் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். இதைப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு பொதுப் பணியாக ஏற்றுச் செய்யலாம்.

4. குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். மலசலகூடம் சென்று வந்த பின்னும் சமைக்கு முன்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

5. வைத்தியர் எழுதித் தராமல் அன்டிபயோட்டிக் வாங்காதீர்கள். எழுதித் தந்தால் இடையில் நிறுத்தாதீர்கள்.

6. கண் மஞ்சளித்தல், விலாவின் கீழ் தொடர்ந்த வலி, காரணமில்லாத மெலிவு ஆகியவை இருந்தால் மூலிகைக் கசாயங்களில் மாதக்கணக்கைக் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

உடம்பு நமக்குத் தரப்பட்ட அமானிதம். அதில் கோடானுகோடி உயிர்களைக் குடியிருத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லையை வகுத்து, அந்த எல்லையில் காவலும் வைத்திருக்கிறான் வல்ல அல்லாஹ். கேட்காமலே கிடைத்த இந்தக் காவலுக்கு நாம் செலுத்தும் நன்றி, வாய்க்குள் போகும் ஒவ்வொரு கவளத்தையும் கவனிப்பதுதான். ஈசானில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு அந்த அறிவு கிடைக்கத் தாமதமாகிவிட்டது. நமக்குக் கிடைத்திருக்கிறது. அதனை அடுப்படி வரைக்கும் கொண்டுசெல்வது நமது பொறுப்பு.